தீ அணைந்தாச்சு... மெஷின் பிழைக்குமா?

அறுவடை வயலில் எரியும் இயந்திரங்களும், எரிந்த பிறகு நடக்கும் அவசர வேலைகளும்

தை மாதத்து மதியம். மன்னார்குடிப் பக்கம் ஒரு சம்பா வயல். நெல் அறுக்கும் பெல்ட் வண்டி வரப்போரம் திரும்பும்போது, இன்ஜின் பக்கத்துக் கம்பி வலையிலிருந்து லேசாக வெள்ளைப் புகை கிளம்புகிறது. பதரும் தூசும் எந்நேரமும் பறக்கிற இடம் என்பதால் ஓட்டுநருக்கு அது தெரிவதில்லை. கரையில் சாக்கோடு நிற்பவர்தான் முதலில் பார்க்கிறார். கையை வீசிக் கத்துகிறார். இன்ஜின் சத்தத்தில் எதுவும் காதில் விழவில்லை. புகை கறுத்து, ரப்பர் கருகும் வாடை மூக்கில் ஏறிய பிறகுதான் ஓட்டுநர் வண்டியை அணைத்துவிட்டுக் குதிக்கிறார்.

வாய்க்கால் தண்ணீர், குடம், ஈரச்சாக்கு, பக்கத்துப் போர்செட்டிலிருந்து இழுத்த குழாய் என்று கையில் கிடைத்ததெல்லாம் வருகிறது. தீயணைப்பு வண்டி ரோட்டோடு நின்றுவிட, வீரர்கள் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு சேற்றில் ஓடிவருகிறார்கள். ஒருவழியாகத் தீ அடங்குகிறது. இன்ஜின் பக்கம் கருகியிருக்கிறது, முன்பக்கம் கதிர் அறுக்கும் பகுதி அப்படியே இருக்கிறது. வெளியூர் உரிமையாளருக்குப் போன் போகிறது. கூட்டத்தில் யாராவது ஒருவர் தவறாமல் அதைச் சொல்கிறார்: "செல்ஃப் அடிச்சுப் பாருப்பா, ஓடினாலும் ஓடும்."

ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டால், எந்த அறுவடை வயலுக்கும் இந்தக் காட்சி பொருந்தும். இருபத்தைந்து, முப்பது லட்சம் ரூபாய் மதிப்புள்ள இயந்திரம் தேறுமா, காயலான் கடைக்குப் போகுமா என்பது பெரும்பாலும் தீ எரிந்த அரை மணி நேரத்தில் முடிவாவதில்லை. அதற்குப் பிறகு வரும் மூன்று நாளில் முடிவாகிறது. அந்த மூன்று நாளில் என்ன செய்ய வேண்டும் என்று நம் ஊரில் யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை.

எங்கிருந்து பிடிக்கிறது?

முழு பாரத்தில் ஓடும் டீசல் இன்ஜினின் மேனிஃபோல்டும் டர்போவும் 400 முதல் 600 டிகிரி செல்சியஸ் வரை சூடாகும். காய்ந்த வைக்கோல் தூசு 250 டிகிரியை ஒட்டிய சூட்டிலேயே கனியத் தொடங்கிவிடும். தீப்பொறியே தேவையில்லை. படிந்த தூசை அப்படியே விட்டுவைத்தால் போதும்.

மீதிக் காரணங்கள் எல்லா மெக்கானிக்குக்கும் தெரிந்தவைதான். கிரீஸ் வற்றிய பேரிங், வழுக்கித் தேயும் பெல்ட், தண்டில் சுற்றிக்கொண்ட வைக்கோல், டீசல் கசிவு, சேஸிஸில் உரசி உரசி மேலுறை தேய்ந்த பேட்டரி கேபிள். பருவம் முடிந்து ஆறேழு மாதம் கொட்டகையில் நிற்கும் வண்டியின் வயரிங்கை எலி கடித்து வைத்திருப்பதும் உண்டு. தெற்கு ஆஸ்திரேலியாவில் காற்றின் வேகம், வெப்பம், ஈரப்பதம் மூன்றையும் கணக்கிட்டு, குறியீடு எல்லையைத் தாண்டினால் அறுவடையை நிறுத்தச் சொல்லும் நடைமுறை இருக்கிறது. இங்கே மணிக் கணக்கு வாடகை. அடுத்த வயல்காரர் காத்திருக்கிறார், புரோக்கர் போன் மேல் போன் போடுகிறார். மதியம் பத்து நிமிடம் நிறுத்தித் தூசு தட்டுவதுகூட நஷ்டமாகத் தெரிகிறது.

புகை செய்யும் வேலை

எரிந்த இடம் கண்ணுக்குத் தெரியும். புகை போன இடம் தெரியாது. பெரிய செலவு இழுத்துவிடுவது அதுதான்.

வயர்களின் மேலுறை பெரும்பாலும் பி.வி.சி. அதன் எடையில் பாதிக்கு மேல் குளோரின். பி.வி.சி. எரியும்போது அந்தக் குளோரின் ஹைட்ரஜன் குளோரைடு வாயுவாக வெளியேறி, புகையோடு சேர்ந்து இயந்திரத்தின் சந்து பொந்தெல்லாம் நுழையும். ஈரம் பட்டதும் அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். தை மாதத்து டெல்டாவில் ஈரத்துக்கா பஞ்சம்? விடியற்காலைப் பனியில் வண்டி நனைந்தே நிற்கும். அணைக்க ஊற்றிய தண்ணீர் வேறு உள்ளே தேங்கியிருக்கும்.

வைக்கோலும் தன் பங்குக்குச் செய்கிறது. நெல் வைக்கோலில் இயல்பாகவே பொட்டாசியமும் குளோரினும் உண்டு. எரிந்த சாம்பலில் அவை உப்பாகத் தங்கி, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். சாம்பலின் பெரும்பகுதி சிலிக்கா, அதாவது மணலின் இனம். அது ஏர் ஃபில்டரைத் தாண்டி இன்ஜினுக்குள் போனால் லைனரையும் பிஸ்டன் ரிங்கையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி தேய்த்துவிடும்.

கரிப்புகை மின்சாரத்தைக் கடத்தும் என்பது பலருக்குத் தெரியாது. கருகாத வயரிங் கனெக்டர் ஒன்றைப் பிடுங்கிப் பாருங்கள். பிளாஸ்டிக் கூடு புதுசு போலவே இருக்கும். உள்ளே பின்களுக்கு நடுவே மெல்லிய கறுப்புப் படலம். நாலைந்து நாள் போனால் பின்னின் அடியில் பச்சை பூக்கும். அந்தப் பச்சைதான் ஒரு மாதம் கழித்து, காரணமே புரியாத கோளாறாகக் கிளம்பும். லைட் தானாக எரியும். மீட்டர் தாறுமாறாகக் காட்டும். ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜின் திடீரென்று நிற்கும். மெக்கானிக் ஒவ்வொரு சென்சாராக மாற்றிக்கொண்டிருப்பார், பணம் போய்க்கொண்டிருக்கும்.

பழைய டிராக்டரில் இந்தத் தொல்லை குறைவு. 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரியில் டிரெம்-4 மாசு விதி வந்த பிறகு, எலெக்ட்ரானிக் கட்டுப்பாடும் காமன் ரெயில் டீசல் அமைப்பும் வயலுக்கு வந்துவிட்டன. புகை கெடுக்கக்கூடிய பாகங்களும் அதோடு பெருகிவிட்டன.

தீயணைக்க அடிக்கும் பவுடரையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். ஏ.பி.சி. வகை அணைப்பானில் இருப்பது மோனோ அம்மோனியம் பாஸ்பேட். தீயை அணைப்பதில் கெட்டிக்கார மருந்துதான், அடிக்கத் தயங்கவே வேண்டாம். ஆனால் ஈரம் பட்டால் அதுவும் உலோகத்தை அரிக்கும். சூடான பாகத்தில் உருகி, கண்ணாடிப் பூச்சாக ஒட்டிக்கொள்ளும். அதைக் கழுவாமல் ஒரு வாரம் விடுவது, அணைத்த தீயை வேறு வழியில் உள்ளே விடுவதுதான்.

> முதல் மூன்று நாள்
>
> அன்றைக்கே: பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். கதிர் அடிக்கும் அறைக்குள் கனன்றுகொண்டிருக்கும் வைக்கோலை வெளியே இழுத்து நனையுங்கள். அணைந்ததாக நினைத்த வண்டி ராத்திரியில் மறுபடி பிடிப்பது இப்படித்தான். எல்லாப் பக்கமும் படம் எடுங்கள், வயலையும் சேர்த்து.
>
> மறுநாள்: காய்ந்த கரியையும் பவுடரையும் வாக்யூம் அல்லது மென்மையான பிரஷ்ஷால் எடுங்கள். கம்ப்ரஸர் காற்று அடித்தால் கரி பேரிங் சீலுக்குள்ளும் கனெக்டருக்குள்ளும் போய் உட்காரும்.
>
> அடுத்து: எலெக்ட்ரிக்கல் பாகங்களைக் கழற்றியோ மூடியோ வைத்துவிட்டு, உலோகப் பகுதிகளைச் சோடா உப்பு கரைத்த தண்ணீரால் கழுவி, நல்ல தண்ணீரால் அலசி, வெயிலில் நன்றாக உலர்த்தி, மெல்லிய எண்ணெய்ப் பூச்சு கொடுங்கள். கனெக்டர்களுக்குக் காண்டாக்ட் கிளீனர். தார்ப்பாய் போட்டால் காற்று புகும்படி போடுங்கள். இறுக்கிக் கட்டினால் உள்ளேயே வியர்த்து துரு ஏறும்.

செல்ஃப் அடிக்காதீர்கள்

ஓடிப்போய் சாவியைத் திருகுவது மனித இயல்பு. வண்டி உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளும் தவிப்பு அது. அந்த ஒரு திருகலில் என்னென்ன நடக்கக்கூடும் தெரியுமா? மேலுறை உருகிய வயர்கள் ஒன்றோடொன்று உரசி ஷார்ட் ஆகலாம். உடைந்த டீசல் குழாயிலிருந்து எண்ணெய் இன்னும் சூடாக இருக்கும் மேனிஃபோல்டில் சொட்டலாம். உறிஞ்சு குழாயில் கிடக்கும் சாம்பலும் பவுடரும் நேராக சிலிண்டருக்குள் போகும். தண்ணீர் உள்ளே போயிருந்தால் கனெக்டிங் ராடு வளையும். வெளியே கருகியிருந்தாலும் உள்ளே நன்றாக இருந்த இன்ஜின், அணைந்த பிறகு இப்படிச் சாகிறது.

சரியான வரிசை வேறு. ஏர் ஃபில்டரையும் உறிஞ்சு குழாயையும் கழற்றிப் பார்க்க வேண்டும். இன்ஜின் ஆயில், ஹைட்ராலிக் ஆயில், கூலன்ட் மூன்றையும் இறக்கி மாற்ற வேண்டும். பிறகு இன்ஜினைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். தடையில்லாமல் சுற்றினால்தான் பேட்டரியைப் பற்றிய பேச்சு.

கையுறை இல்லாமல் தொடாதீர்கள்

ஆயில் சீல், ஓ-ரிங் சிலவற்றை ஃபுளூரின் கலந்த ரப்பரில் செய்கிறார்கள். வைட்டான் என்ற பெயரில் கடைக்காரர்களுக்குத் தெரியும். 300 டிகிரிக்கு மேல் கருகிய அந்த ரப்பர், பிசுபிசுப்பான கறுப்பாக மாறியிருக்கும். அதில் ஹைட்ரோஃபுளூரிக் அமிலம் இருக்க வாய்ப்புண்டு. தோலில் பட்டால் உடனே வலிக்காமல்கூட இருக்கலாம். உள்ளே இறங்கி எலும்பு வரை போகக்கூடியது. கருகிய சீலை விரலால் நோண்டி எடுப்பது நம் பட்டறைகளில் சாதாரணம். நியோபிரீன் கையுறை போட்டு எடுக்க வேண்டும். தோலில் பட்டுவிட்டால் நிறையத் தண்ணீரில் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். எந்த அமிலம் என்பதை டாக்டரிடம் சொல்வது முக்கியம், ஏனென்றால் இதற்குக் கால்சியம் குளுக்கோனேட் ஜெல் என்ற தனி மருந்து இருக்கிறது.

இன்னும் இரண்டு ஆபத்துகள். சூடேறிய டயர் தீ அணைந்து வெகுநேரம் கழித்தும் வெடிக்கலாம். அதன் பக்கவாட்டில் நிற்கவே கூடாது, ஒரு நாள் ஆற விட வேண்டும். அறுக்கும் பகுதி ஹைட்ராலிக் அழுத்தத்தில் தூக்கி நிற்கிறது. கருகிய ஹோஸ் எந்த நிமிடமும் பிய்யலாம். கட்டை முட்டுக் கொடுக்காமல் அதற்கு அடியில் யாரும் குனியக் கூடாது.

எது தேறும், எது தேறாது?

தீப்பட்ட வண்டியைச் சுற்றிவருகிற அனுபவசாலி மெக்கானிக், பாகங்களையே வெப்பமானியாக வைத்து அளக்கிறார். பேட்டரி முனையின் ஈயம் உருகியிருந்தால் அந்த இடம் 327 டிகிரியைத் தாண்டியிருக்கிறது. அலுமினிய ரேடியேட்டர் ஒழுகிக் கட்டியாகியிருந்தால் 600 டிகிரிக்கு மேல். பெயின்ட் மட்டும் கொப்பளித்திருக்கிறது, பக்கத்து பிளாஸ்டிக் லேசாக வளைந்ததோடு சரி என்றால் பயப்பட வேண்டியதில்லை.

செம்பு வயரில் உருண்டை உருண்டையாக முத்துகள் தெரிந்தால் கவனம் தேவை. செம்பு உருக 1,085 டிகிரி வேண்டும். வயலில் எரியும் தீ பெரும்பாலும் அந்தச் சூட்டுக்குப் போவதில்லை. ஆகவே அங்கே மின்கசிவுப் பொறி பறந்திருக்கக்கூடும். தீயின் காரணத்தைச் சொல்லும் சாட்சி அது. அந்த வயரை வெட்டித் தூர எறிந்துவிடாதீர்கள்.

சேஸிஸ் போன்ற சாதாரண இரும்பு, வளையாமல் முறுக்காமல் இருந்தால், ஆறிய பிறகு ஏறத்தாழ பழைய பலத்துக்கு வந்துவிடும். பதம் போட்ட எஃகு அப்படியில்லை. பேரிங் 150, 200 டிகிரியிலேயே கடினத்தை இழக்கத் தொடங்கும். அதன் சீலும் கிரீஸும் அதற்கும் முன்பே போய்விடும். தலையில் 8.8, 10.9 என்று எண் போட்ட போல்ட்டுகள் 400 டிகிரியைத் தாண்டினால் பலம் குறைந்துவிடும். தேய்த்துப் பார்த்தால் புதுசு மாதிரி பளபளக்கும், பாரம் ஏறும்போது அறும். துடைத்த எஃகுப் பரப்பில் நீல நிறம் தெரிந்தால் அது 300 டிகிரியை ஒட்டிய சூடு கண்டிருக்கிறது.

ஹைட்ராலிக் ஹோஸ்களில் சிக்கனமே வேண்டாம். சூடு பட்ட பகுதியில் உள்ள அத்தனையும் மாற்ற வேண்டியவை. வெளியே ரப்பர் நன்றாக இருந்தாலும் உள்ளே வெந்திருக்கும். 150 பாருக்கு மேல் அழுத்தம் ஓடும் குழாயில் ஊசித் துளை விழுந்தால், பீச்சுகிற எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும். அந்தக் காயம் பார்க்கச் சின்னது. உடனே ஆபரேஷன் செய்யாவிட்டால் கையே போகலாம்.

இன்ஷூரன்ஸ்: ஓடுவதற்கு முன் படிக்க வேண்டியது

தீ, வெடிப்பு, தானாகத் தீப்பற்றுதல், மின்னல் ஆகியவற்றால் வரும் சேதம் முழுமையான மோட்டார் பாலிசியில் சேர்த்தி. கடன் இருக்கும்வரை ஃபைனான்ஸ் நிறுவனத்தின் கட்டாயத்தில் முழு பாலிசி எடுப்பவர்கள், கடன் முடிந்ததும் மூன்றாம் நபர் பாலிசியோடு நிறுத்திக்கொள்வதுண்டு. அந்தப் பாலிசியில் சொந்த வண்டிக்கு ஒரு ரூபாய்கூடக் கிடைக்காது.

முழு பாலிசி வைத்திருப்பவர்களும் அதிர்கிற இடம், ரப்பர், நைலான், பிளாஸ்டிக் பாகங்கள், டயர், பேட்டரி ஆகியவற்றுக்குப் பிடிக்கும் 50 சதவீதத் தேய்மானம். தீயில் முதலில் போவதே இவைதானே! ஹோஸ், பெல்ட், வயரிங் என்று பில் நீளும்போது, பெரும்பகுதி சொந்தக் கையிலிருந்துதான் போகிறது. அறுவடைப் பருவம் போன வருமான இழப்புக்கு அதில் இடமே இல்லை.

எல்லாவற்றையும்விட முக்கியமானது பாலிசியின் நிபந்தனைப் பக்கத்தில் இருக்கிறது. விபத்துக்குப் பிறகு மேற்கொண்டு சேதம் வராமல் பாதுகாக்க வேண்டியது உரிமையாளரின் பொறுப்பு என்றும், ரிப்பேர் பார்க்காமல் வண்டியை ஓட்டினால் அதனால் கூடும் சேதம் அவர் தலையில்தான் என்றும் அது சொல்கிறது. ஆக, ஆசைக்கு அடித்த செல்ஃப் உங்கள் கணக்கில் சேரும்.

இதற்கு நேர் எதிராக நடப்பதுதான் என்னைக் கோபப்படுத்துகிறது. சர்வேயர் வந்து பார்க்கும்வரை எதையும் தொடாதே என்று இன்ஷூரன்ஸ் நிறுவனத்தார் போனில் சொல்லிவிடுகிறார்கள். அவர் வர நான்கு நாளோ, ஒரு வாரமோ ஆகிறது. அந்த நாட்களில் அமிலம் தின்றதையும் துரு ஏறியதையும் யார் கணக்கில் எழுதுவது? உரிமையாளர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அன்றைக்கே எழுத்து மூலம் தகவல் கொடுத்து, படங்களை அனுப்பி, கரியும் பவுடரும் அரிக்காமலிருக்கச் சுத்தம் மட்டும் செய்யப் போகிறேன், பாகம் எதையும் மாற்றவோ தூர எறியவோ மாட்டேன் என்று அதிலேயே எழுதி, பதில் கேட்க வேண்டும். நிறுவனங்களும் தீ விபத்துக்கு இரண்டு நாளுக்குள் சர்வேயரை அனுப்புவதை வழக்கமாக்க வேண்டும். அவர்களுக்கே அதில் லாபம். மாவட்டந்தோறும் இயங்கும் வேளாண்மைப் பொறியியல் துறை, தீப்பட்ட இயந்திரத்தை வந்து பார்க்க ஒரு ஆளையாவது அறுவடைக் காலத்தில் ஒதுக்கலாம். வாடகைக்கு இயந்திரம் விடும் துறைக்கு இது புதிய வித்தை ஒன்றும் இல்லை.

> கையில் இருக்க வேண்டிய எண்களும் காகிதங்களும்
>
> தீயணைப்புக்கு 101, பொது அவசர எண் 112. தீயணைப்பு நிலைய அறிக்கை, போலீஸ் புகார் நகல், படங்கள், சர்வீஸ் பில்கள் நான்கும் க்ளெய்முக்கு உதவும். ரிப்பேர் செலவு, பாலிசியில் குறித்த மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் டோட்டல் லாஸ் என்று கணக்கிடுவார்கள். கடன் பாக்கி இருந்தால் அந்தப் பணம் முதலில் கடன் கொடுத்தவருக்குப் போகும்.

வயல்காரருக்கு யார் பதில் சொல்வது?

வண்டி எரிந்த கதையில் வயல்காரர் காணாமல் போய்விடுகிறார். பாதி அறுத்த சம்பா நிற்கிறது. அடுத்த மெஷின் வர எத்தனை நாள் ஆகுமோ, அதற்குள் ஒரு மழை வந்தால் கதிர் சாயும். தீ வயலுக்கும் பரவியிருந்தால் நிலைமை இன்னும் மோசம். பிரதமரின் பயிர் காப்பீட்டுத் திட்டம் 'இயற்கையாக ஏற்படும் தீ' என்றுதான் பேசுகிறது. மெஷின் வைத்த தீ அந்த வரையறைக்குள் வராது. வண்டிக்காரரின் பாலிசியில் அடுத்தவர் சொத்துக்கான பகுதி இருக்கிறதா என்று கேட்க வேண்டும், போலீஸ் புகாரில் பயிர்ச் சேதத்தையும் எழுதச் சொல்ல வேண்டும். அன்றைக்கே கேட்டால்தான் உண்டு.

ஓட்டுநர் நிலை இன்னும் கீழே. பருவத்துக்குச் சம்பளம் பேசி நாமக்கல், சேலம் பக்கத்திலிருந்து வந்தவர். வண்டி நின்றால் அவருக்கும் வேலை நின்றது. அதோடு 'கவனமா இருந்திருக்கக் கூடாதா' என்ற பழி வேறு. தூசு தட்ட நேரம் கொடுக்காதவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது.

வைக்கோல் வண்டிகள்

அறுவடைக்குப் பின்னாலேயே வைக்கோலைக் கட்டும் பேலர் வருகிறது. உருண்டைக் கட்டுகள் லாரியிலும் டிராக்டர் டிரெய்லரிலும் ஏறிக் கேரளம் வரை போகின்றன. இங்கே எமன் தாழ்வாகத் தொங்கும் மின்கம்பி. கம்பி வண்டியைத் தொட்டுக்கொண்டிருக்கும்போது தண்ணீர் ஊற்றக் கூடாது, முதலில் மின்வாரியத்துக்குச் சொல்லி லைனை அணைக்க வேண்டும். ஓட்டுநர் இறங்கியே ஆக வேண்டுமென்றால், வண்டியையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாமல், இரண்டு காலும் சேர்த்துக் குதித்து, காலைப் பிரிக்காமல் தத்தித் தத்தி விலக வேண்டும்.

2022 ஜனவரியில் கோழிக்கோடு மாவட்டம் கோடஞ்சேரியில், எரிகிற வைக்கோல் லாரியை ஒருவர் மைதானத்துக்குள் வளைத்து வளைத்து ஓட்டிக் கட்டுகளை உதறித் தள்ளி லாரியைக் காப்பாற்றினார். மெச்ச வேண்டிய துணிச்சல். ஆனால் அதைப் பார்த்து அடுத்தவர் செய்ய முயலக் கூடாது. டிரெய்லர் என்றால் பின்னை எடுத்து டிராக்டரைப் பிரிக்க முடிகிறதா என்று மட்டும் பாருங்கள், முடியாவிட்டால் விட்டுவிடுங்கள்.

செகண்ட் ஹேண்ட் வாங்குவோருக்கு

தீப்பட்ட வண்டிகள் எல்லாமே பட்டறையில் செத்துப்போவதில்லை. பெயின்ட் அடித்து, சீட்டு மாற்றி, அடுத்த பருவத்துக்கு முன் விற்பனைக்கு வந்து நிற்கும். வாங்குபவர் வெளிப் பெயின்டைப் பார்க்க வேண்டாம். வயரிங்கின் ஒரு பகுதி மட்டும் புதிதாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். இன்ஜின் பகுதிக்கு எதிர்ப்புறம் உள்ள கனெக்டர் ஒன்றைப் பிடுங்கிப் பின்னைப் பாருங்கள். போல்ட் தலையிலுள்ள எண் பெயின்டுக்கு அடியில் மறைந்திருந்தால் சுரண்டிப் பார்த்து நிறத்தைக் கவனியுங்கள். பழைய இன்ஷூரன்ஸ் க்ளெய்ம் விவரத்தை விற்பவரிடம் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால், சூடு பட்ட ஹோஸ், பேரிங், போல்ட் அத்தனைக்கும் ஆகும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள், அல்லது அடுத்த வண்டியைப் பார்க்கக் கிளம்புங்கள்.